ஓடும்போது தொடை உரசித் தோல் வழண்டு போகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 34 வயது. 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பயிற்சி செய்கிறேன். 8 கிலோமீட்டரைத் தாண்டினாலே தொடைகளின் உட்பக்கம் உரசித் தோல் வழண்டு விடுகிறது. குளிக்கும்போது தாங்க முடியாமல் காந்துகிறது. போன வாரம் மார்புக் காம்பில் ரத்தம் கசிந்து பனியனில் கறை பட்டுவிட்டது. பவுடர் போட்டும் பலன் இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பைத் தடவி வருகிறேன். எடை குறையும்வரை ஓட்டத்தை நிறுத்திவிடட்டுமா?

மருத்துவர் பதில்: எடைக்காக ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். இது பருமனானவர்களுக்கு மட்டும் வருவதில்லை. ஒல்லியான ஓட்டக்காரர்களுக்கும் அக்குளிலும், தொடையிடுக்கிலும், மார்புக் காம்பிலும் வரும். பெண்களுக்கு உள்ளாடையின் பட்டை அழுந்தும் இடத்திலும் வருவதுண்டு. புண் ஆறும்வரை இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுங்கள், அது போதும்.

ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் அடிகள் வைக்கிறோம். அத்தனை முறையும் அதே இடம் உரசுகிறது. வியர்வையில் ஊறிய மேல்தோல் மென்மையாகிவிடும். உலர்ந்த தோலைவிட ஈரத் தோலில் உராய்வும் அதிகம். போதாததற்கு, வியர்வை காயும்போது உப்புத் துகள்கள் தோலில் தங்கி அறுக்கின்றன. முதல் சில கிலோமீட்டர்களில் ஒன்றும் தெரியாமல், ஈரம் சேர்ந்த பிறகு எரிச்சல் தொடங்குவது இதனால்தான். பவுடர் கைகொடுக்காததும் இதனால்தான். கொஞ்ச நேரம் ஈரத்தை உறிஞ்சும், அப்புறம் வியர்வையில் குழைந்து கட்டியாகி அதுவே உறுத்தும்.

ஆகவே, எரிச்சல் வந்தபின் தடவுவதைவிட ஓடக் கிளம்பும் முன் தடவுவதுதான் முக்கியம். வாசலின் என்று நாம் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லியை, சுத்தமான உலர்ந்த தோலில், உரசும் இடம் முழுக்கத் தாராளமாகப் பூசுங்கள். துணியில் பிசுக்கு ஒட்டுவது பிடிக்காவிட்டால் டைமெத்திகோன் என்ற வழுவழுப்பான சிலிக்கோன் கலந்த, உரசலைத் தடுக்கும் குச்சி வடிவப் பூச்சுகள் கிடைக்கின்றன. நீண்ட தூரம் ஓடும் நாட்களில் ஒரு முறை பூசியது கடைசிவரை நிற்காது. சிறிய டப்பா ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டு இடையில் மறுபடி பூசுங்கள்.

உடை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: ஓடுவதற்குப் பருத்தி வேண்டாம். அன்றாடத்துக்கு அது நல்ல துணிதான், ஆனால் குடித்த வியர்வையை விடாமல் கனத்துத் தொங்கி உடம்பில் தேய்க்கும். உங்கள் மார்பில் ரத்தம் வந்தது பெரும்பாலும் ஈரப் பனியனால்தான் இருக்கும். வியர்வையைச் சீக்கிரம் உலரவிடும் பாலியெஸ்டர் அல்லது நைலான் பனியன் போடுங்கள். காம்பின் மேல் சிறிய பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை அநேகமாகத் தீர்ந்துவிடும். தொடைக்கு, பாதித் தொடைவரை இறங்கும், உடம்போடு ஒட்டிய கால்சட்டை நல்லது. அப்போது தோலும் தோலும் உரசாது, துணியும் துணியும்தான் உரசும். தையல் தடித்து நிற்கக் கூடாது. போட்டியன்று புது உடை உடுத்தவே வேண்டாம். பயிற்சியில் ஒரு நீண்ட ஓட்டமாவது அதே உடையில் ஓடிப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது இருக்கும் புண்ணை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். பிறகு பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு களிம்போ தடவி, தளர்வான உடை அணியுங்கள். ஸ்பிரிட், டெட்டால் போன்றவற்றை அதில் ஊற்ற வேண்டாம்.

நீங்கள் வாங்கிய களிம்புதான் எனக்குக் கவலை தருகிறது. டியூபின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். இவை வீரியமான ஸ்டீராய்டுகள். தடவியதும் சிவப்பு அடங்கும், சரியாகிவிட்டது போலத் தெரியும். ஆனால் தொடையிடுக்கு போன்ற மெல்லிய தோலில் நாள்கணக்கில் தடவினால் தோல் இன்னும் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும். அங்கே பூஞ்சைத் தொற்று இருந்தால் அதன் அடையாளம் மறைந்து, உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும்.

உராய்வுப் புண்ணில் எரிச்சல்தான் மேலோங்கி இருக்கும், ஓடாத நாட்களில் அது ஆறிவரும். அரிப்பு அதிகமாக இருந்து, ஓரம் தடித்துச் செதில் செதிலாக வட்டமாக விரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு வாரத்தில் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.