முயல் சுட மலிவான பம்ப் ஏர் ரைபிள் எது?

களக்காட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நீங்கள், முயலும் கவுதாரியும் சுடுவதற்கு விலை குறைந்த பம்ப் ஏர் ரைபிள் எது என்று கேட்டிருக்கிறீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவ்விரண்டையும் வேட்டையாடுவது குற்றமாகும். அருகிலுள்ள களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு வெளியே, சொந்த விளையில் சுட்டாலும் அது குற்றமே. ஆகவே, இலக்குப் பயிற்சிக்கு எது தகும் என்று மட்டும் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதால், அவ்விரு அளவுகளும் ரசீதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை பம்ப் செய்யும் வகையில், எத்தனை முறை அழுத்துகிறோமோ அதற்கேற்பக் காற்றழுத்தம் கூடுவதால் வேகத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். ஸ்பிரிங் விசையால் சுடும் வகையைப் போல இது உதறாததால் புதியவருக்கும் குறி எளிதில் கைவரும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் மீண்டும் மீண்டும் பம்ப் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் பத்துக் குண்டு சுடுவதற்குள் தோள் கழன்றுவிடும். அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 10 ஜூல். அட்டை இலக்குக்கு அதுவே தாராளம். விலையைவிட, காற்றடைக்கும் ரப்பர் சீல் பக்கத்து ஊரிலாவது கிடைக்குமா என்பதை முதலில் விசாரியுங்கள், ஏனெனில் பம்ப் துப்பாக்கியில் முதலில் தேய்வது பெரும்பாலும் அதுதான்.