பறித்த அபினுக்கு நட்டஈடா?

கேள்வி: சீனாவில் பறிமுதல் செய்த அபினுக்கு வெள்ளைக்காரர் காசு வாங்கினார்களாமே, உண்மையா? அந்த அபினை எரித்தார்களா?
- வாசகர், பெரியகல்லாறு

பதில்: உண்மைதான் தம்பி. 60 இலட்சம் வெள்ளி டொலர் வாங்கினார்கள்.

எரிக்கவில்லை, கரைத்தார்கள். எரித்தால் உருகி மண்ணில் இறங்கும், பிறகு அந்த மண்ணைத் தோண்டியே அபின் எடுத்துவிடுவார்கள். அபின் எவ்வளவு பொல்லாத சரக்கு என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆரையம்பதியில் என் அம்மப்பா பரியாரி. வயிற்றோட்ட மருந்துக்கு அபின் நிறுக்கும்போது கடற்காற்றுக்குத் தராசு ஆடாமல் இருக்க ஜன்னலைச் சாத்துவார். ஒரு பக்கம் குன்றிமணி, மறுபக்கம் கறுத்த பிசின். நிறுத்து முடிந்ததும் தட்டை ஈரத்துணியால் இரண்டு தரம் துடைப்பார். குன்றிமணி அளவுக்கே அவ்வளவு கவனம்!

லின் செசூ என்ற சீன அதிகாரியின் கையில் இருந்ததோ 20,000 பெட்டிக்கு மேல், ஆயிரம் தொன்னைத் தாண்டும். 1839 ஜூன் 3ஆம் திகதி ஹூமென் கரையில் வேலை தொடங்கியது. குழிகளில் உப்புத்தண்ணீர் நிரப்பி, அபின் உருண்டைகளை வெட்டிப் போட்டு ஊறவைத்து, சுண்ணாம்பு கொட்டிக் கிளறினார்கள். வற்றுநீர் நேரம் மதகைத் திறந்து கடலுக்கு விட்டார்கள். மூன்று வாரம் இதே வேலை. கடல் அழுக்காகிறதே என்று லின் கடல் தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

சரி, காசு எப்படி வந்தது? பிரித்தானிய அதிகாரி சார்ள்ஸ் எலியட், அபினை அரசியின் அரசாங்கத்தின் பேரில் தன்னிடம் தரும்படி வியாபாரிகளிடம் கேட்டு வாங்கித்தான் சீனரிடம் ஒப்படைத்தார். அதோடு கள்ளச் சரக்கு அரசாங்கத்தின் சொத்தாகிவிட்டது! வங்காளத்து அபினைக் கல்கத்தாவில் ஏலம் போட்டதும் கிழக்கிந்தியக் கம்பனிதானே. பிறகு யுத்தம் வந்தது. 1842 நான்கிங் உடன்படிக்கையில் அந்த 60 இலட்சத்தையும் அபினின் விலை என்றே எழுதி வாங்கினார்கள், ஹொங்கொங்கும் போனது. 1858இல் வரி கட்டி இறக்கும் சரக்காகவே அபின் மாறியது.

லின்னை அவருடைய பேரரசரே இலி என்ற தூரத்து எல்லைக்கு நாடுகடத்தினார். எனக்கு மனம் ஆறாத இடம் அதுதான், தம்பி.