ஒயில் தாங்கிக்குள் பெற்றோல் மணம்: வண்டியை ஸ்டார்ட் பண்ண முன் வாசியுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஹாலிபர்ட்டன் பக்கம் ஒரு பழைய கொட்டேஜ் வாங்கினோம், அதோடு தொண்ணூறுகளின் நடுப்பகுதி ஸ்கி-டூ (பனியில் ஓடும் வண்டி) ஒன்றும் கிடைத்தது. 583 எஞ்சின், டூ ஸ்ட்ரோக். போன சனிக்கிழமை ஓட வெளிக்கிட முன் ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்தால் பெற்றோல் மணக்கிறது, ஒயிலும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. முந்தின கிழமை ஒரு மணித்தியாலம் ஓடினேன், அப்போது ஒன்றும் தெரியவில்லை. மாறி ஊற்றினாயா என்று மகனைக் கேட்டால் சத்தியமாக இல்லை என்கிறான். மச்சான் "கொஞ்சம்தானே, ஓட ஓட எரிந்து போய்விடும்" என்கிறார். ஓடலாமா?
(வாசகர், ஸ்காபரோ)

பதில்: ஓட வேண்டாம் தம்பி. சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

மச்சான் சொல்வது ஏன் பிழை என்றால், உங்கள் எஞ்சினுக்குள் காரில் இருப்பதுபோல ஒயில் தேங்கி நிற்பதில்லை. கிராங்க் பெயரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றுக்கும் அந்த நேரத்தில் பம்ப் அனுப்பும் சில துளிகள்தான் கதி. அந்த பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுழல்கிறது, த்ரொட்டிலை அழுத்தும்போது இன்னொரு கேபிள் அதன் நெம்பையும் இழுத்து அளவைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே வருவது ஒயிலா பெற்றோலா என்று அதற்குத் தெரியாது. தாங்கியில் பாதி பெற்றோல் என்றால் எஞ்சினுக்குப் போகும் ஒயிலும் பாதிதான், அதுவும் முழு வேகத்தில் ஏரிக்கு மேல் போகும்போது. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் நடு ஏரியில், மைனஸ் 20இல், குடும்பத்தோடு நிற்பீர்கள். நான் பயப்படுவது எஞ்சினுக்காக மட்டும் இல்லை.

முதலில் உண்மையிலேயே பெற்றோல்தானா என்று பாருங்கள். டூ ஸ்ட்ரோக் ஒயிலுக்கே இயல்பாக ஒரு கரைப்பான் மணம் உண்டு, அதனால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. அதே ஒயிலில் புதுப் போத்தல் ஒன்று வாங்கி, தாங்கியிலிருந்து எடுத்ததையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும், இது முக்கியம், ஏனென்றால் கராஜின் குளிரில் இருந்த ஒயிலையும் வீட்டுக்குள் இருந்த ஒயிலையும் ஒப்பிட்டால் ஒன்றுமே விளங்காது. ஒரே சின்னப் புனலில் ஒரே அளவு விட்டு எத்தனை செக்கனில் இறங்கி முடிகிறது என்று பாருங்கள். அப்புறம் தாங்கியில் இருந்ததில் கொஞ்சத்தைத் தட்டையான ஏனத்தில் ஊற்றி, வெளியே, நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில் ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி அளந்தால், அளவு குறைந்து மிச்சம் தடித்திருக்கும். பறந்துபோனதில் பெரும்பங்கு பெற்றோல்தான். கண்ணாடிப் போத்தலில் விட்டு அடியில் தனியாகப் பிரியும் என்று காத்திருக்காதீர்கள். அப்படிப் பிரிவது தண்ணீர். பெற்றோல் ஒயிலோடு முழுதாகக் கலந்துவிடும், ஒரு மாதம் வைத்தாலும் பிரியாது.

சரி, எப்படி வந்தது? பத்தில் ஒன்பது பேருக்கு நான் சொல்வது, யாரோ மாறி ஊற்றியிருக்கிறார்கள் என்பதுதான். உங்களுக்கு முன் வைத்திருந்தவராகவும் இருக்கலாம், மகனைத் திட்ட வேண்டாம். ஆனால் உங்களுடையது 583 என்பதால் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அது ரோட்டரி வால்வு எஞ்சின், அதாவது சுழலும் ஒரு தட்டுத்தான் கலவை உள்ளே போகும் வாயைத் திறந்து மூடுகிறது. அந்த வால்வைச் சுழற்றும் ஷாஃப்டின் கியர் அறைக்கு ஒயில் தாங்கியிலிருந்து தனியாக ஹோஸ் போகிறது. அந்த அறைக்கும் கிராங்க்கேஸுக்கும் (கிராங்க் சுழலும் அடி அறை) இடையில் நிற்பது ஒரு சின்ன ரப்பர் சீல். முப்பது வருடத்தில் அது இறுகி உதடு தேய்ந்தால், வண்டி நிற்கும்போது ஒயில் மெதுவாக எஞ்சினுக்குள் இறங்கும், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து வீடு தெரியாத அளவுக்குப் புகை வரும். ஓடும்போது அதற்கு எதிர்மாறாக, கிராங்க்கேஸின் அழுத்தம் பெற்றோல் கலந்த காற்றை ஒயில் பக்கம் தள்ளும். அதே ஷாஃப்டின் மற்றப் பக்கத்தில் கூலன்ட் சீல் இருக்கிறது. அது போனால் ஒயில் பால்போல மாறும், அது வேறு கதை.

நான் திருத்திய ஒரு வண்டியின் சொந்தக்காரர், ஒரு சீசன் முழுக்க ஒயில் குறையவே இல்லை என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் குறையாமல் இருப்பது நல்ல செய்தியே இல்லை. 40 லீற்றர் பெற்றோல் முடியும்போது ஒயில் அரை லீற்றருக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பம்ப் அனுப்பவில்லை, அல்லது வேறு ஏதோ உள்ளே வந்து நிரப்புகிறது.

சீலைச் சோதிக்க எஞ்சினை ஓட்டத் தேவையில்லை. இன்டேக், எக்ஸோஸ்ட் வாய்களை அடைத்து, கைப் பம்பால் 6 பிஎஸ்ஐ அளவு காற்று ஏற்றுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள், நல்ல சீலையும் தள்ளிவிடும். ரோட்டரி வால்வு ஹோஸைத் தாங்கிப் பக்கம் கழற்றி ஒயில் போத்தல் ஒன்றுக்குள் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் விடை கிடைத்துவிட்டது. வராமல், வேறு எங்கும் கசியாமல் அழுத்தம் நின்றால், யாரோ ஊற்றியதுதான்.

சிலர் பெற்றோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்ததால் என்று சொல்லி உங்களைப் புது பம்ப் வாங்க வைப்பார்கள். அது கிழிந்தால் பெற்றோல் பல்ஸ் ஹோஸ் (கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பால் அந்தப் பம்பை இயக்கும் குழாய்) வழியாகக் கிராங்க்கேஸுக்குப் போகும், நேரே ஒயில் தாங்கிக்கு வராது. ஹோஸைக் கழற்றினால் உள்ளே இலேசான ஒயில் ஈரம் இருப்பது வழக்கம், பெற்றோல் சொட்டினால்தான் பம்ப் பழுது. ஆனால் இதுவும் சீலும் இரண்டும் போயிருந்தால் பெற்றோல் இன்னும் தாராளமாக ஏறும், அதனால் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு மணித்தியாலம் ஓடியிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. எக்ஸோஸ்டைக் கழற்றி அந்த வாய்க்குள் டோர்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள், நெடுக்காகக் கீறல் இருக்கக் கூடாது. பிளக்கின் நுனியில் பளபளக்கும் அலுமினியப் பொட்டுகள் இருந்தால் பிஸ்டன் ஏற்கெனவே உருகத் தொடங்கிவிட்டது. இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் திறந்துதான் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் நன்றாக இருந்தாலும் பெயரிங் பிழைத்ததாக அர்த்தம் இல்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகச் சுழற்றி, மணல் அரைபடுவதுபோல ஏதாவது கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் சுத்தம் பண்ணலாம். தாங்கியைக் கழற்றி முழுதாக வடித்து, புது ஒயிலால் அலசி அதையும் வெளியே வடித்துவிடுங்கள். ஒயில் ஃபில்டரைக் கழுவாதீர்கள், புதிது போடுங்கள். நிரப்பிய பிறகு பம்பில் இருக்கும் காற்று வெளியேற்றும் ஸ்குரூவைத் திறந்து, குமிழி இல்லாத ஒயில் வரும்வரை விடுங்கள். பம்புக்குப் பிறகு எஞ்சினுக்குப் போகும் மெல்லிய குழாய்களில் பழைய கலவை இன்னும் நிற்கும், பலரும் மறப்பது இதைத்தான். அதற்காகப் பெற்றோலில் 50க்கு 1 ஒயில் கலந்து, அதாவது 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர், எஞ்சினை ஐடிலில் விட்டு, பம்பின் நெம்பைக் கையால் முழுதாகத் திறந்து பிடியுங்கள். குழாய்களில் நல்ல ஒயில் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்த பிறகு விடலாம். முதல் தாங்கிப் பெற்றோல் முழுவதையும் அதே கலவையோடு ஓடி முடியுங்கள். ஒயில் தாங்கியில் ஒரு டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்து வையுங்கள், அது இறங்குவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கலவையை நிறுத்த வேண்டும்.

கேள்வி: என்னுடையது 2012 ஸ்கி-டூ, ஈ-டெக் எஞ்சின். இருட்டில் நானே ஒயில் தாங்கிக்குள் ஒரு லீற்றர் பெற்றோல் விட்டுவிட்டேன், ஸ்டார்ட் பண்ணவில்லை. வடித்துவிட்டுப் பெற்றோலில் ஒயில் கலந்து ஓடினால் போதுமா ஐயா?
(வாசகர், சட்பரி)

பதில்: ஸ்டார்ட் பண்ணாததால் தப்பிவிட்டீர்கள். ஆனால் மேலே சொன்ன கலவை முறை உங்களுக்குச் சரிவராது. ஈ-டெக்கில் பெற்றோல் நேரே சிலிண்டரின் மேற்பகுதிக்குள் பீச்சப்படுகிறது, கிராங்க்கேஸ் வழியாக வருவதில்லை. நீங்கள் பெற்றோலில் எவ்வளவு ஒயில் கலந்தாலும் அது கிராங்க் பெயரிங்கைத் தொடாது. தாங்கி, ஃபில்டர், குழாய் எல்லாம் சுத்தம் பண்ணி, மின்சார ஒயில் பம்பில் புது ஒயில் ஏற்றிக் காற்றெடுத்த பிறகுதான் எஞ்சின் ஓட வேண்டும். அதை டீலரின் கணினியால் செய்விப்பதுதான் பத்திரம். ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: நான் மறுவளமாக, பெற்றோல் தாங்கிக்குள் முக்கால் லீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயிலை விட்டுவிட்டேன். பழைய கார்புரேற்றர் வண்டி.
(வாசகி, பரி)

பதில்: தாங்கி 40 லீற்றர் என்றால் நிரம்பப் பெற்றோல் அடித்து, கொஞ்சம் ஆட்டிக் கலக்கவிட்டு ஓடுங்கள் தங்கச்சி. புகை வரும், ஒரு சோடி பிளக் கையில் வைத்திருங்கள்.