அவசரகால உணவைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் நான்கு பேர் கொண்ட குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன் என் கணவருக்கு மூன்று மாதம் வேலை இல்லாமல் போனது. சாப்பாட்டுக்குப் பஞ்சம் வரவில்லை. வாடகையும் பள்ளிக் கட்டணமும்தான் கழுத்தை நெரித்தன. அந்தப் பயத்தில் வீட்டுத் தோட்டமும் உணவுச் சேமிப்பும் தொடங்கினோம். கணவரின் அண்ணன், 25 வருடம் கெடாது என்று சொல்லப்படும் உலர் உணவுப் பெட்டிகளை விற்கிறார். அவரிடம் இரண்டு தொகுதி, அதாவது நான்கு பெட்டி, கிரெடிட் கார்டில் வாங்கினோம். கூடவே விதைப் பெட்டகம் ஒன்று. தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக் டவர் ஒன்றும் 18 மாதத் தவணையில் வந்தது. எட்டு மாதமாகக் கார்டுக்கு மினிமம், அதாவது வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறோம். இப்போது மூன்றாவது தொகுதியும் வாங்கி, தன் கீழ் உறுப்பினராகச் சேரச் சொல்கிறார் அண்ணன். "குடும்பப் பாதுகாப்புக்குக் கணக்குப் பார்க்காதே" என்கிறார். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இதை மட்டும் வாங்கிவிடலாமா? கார்டை அடைக்கத் தனிநபர் கடன் எடுப்பது தவறா? தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: சரி சகோதரி, தொகை வேண்டாம். உங்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய விவரத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் 45, சாப்பாடு 24, போக்குவரத்து மற்றும் இதர செலவு 14, கார்டு மினிமம் 7.5, டவர் தவணை 5. கையில் மிஞ்சுவது 4.5. கார்டில் நிற்கும் பாக்கி 150. வங்கியில் இருப்பது பத்து நாள் செலவுக்கு.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். வேலை போன அந்த மூன்று மாதமும் சாப்பாட்டுக்குப் பஞ்சம் வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு இல்லாமல் போனது பணம். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடமாக நீங்கள் சேர்த்தது உணவு. அதையும் கடனில் சேர்த்திருக்கிறீர்கள். நாளைக்கே மறுபடி வருமானம் நின்றால் என்ன ஆகும்? பெட்டிகள் இருப்பதால் மாதம் 24 வரை மிச்சமாகும். அந்தப் பெட்டிக்கும் டவருக்கும் வாங்கிய கடன் மாதம் 12.5 கேட்கும். உணவு காப்பாற்றுவதில் பாதியைக் கடன் தின்றுவிடுகிறது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்த 45 அப்படியே நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்கு இந்த 12.5 இல்லவே இல்லை. அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்கு நீங்கள் பலவீனமாக இருக்கிறீர்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் நான் பதில் எழுதுவதில் பயன் இல்லை.

மினிமம் கட்டுவதைக் கொஞ்சம் பாருங்கள். மாதம் 3 சதவீத வட்டி, 150-க்கு 4.5. நீங்கள் கட்டும் 7.5-இல் அசலுக்குப் போவது வெறும் 3. இப்படியே ஒரு வருடம் போனால் மொத்தம் சுமார் 80 கட்டியிருப்பீர்கள். அதில் 48 வட்டி. பாக்கி 118-இல் நிற்கும், அதுவும் புதிதாக ஒன்றுமே வாங்காமல் இருந்தால். அந்த 48 என்பது உங்கள் நான்கு பேரின் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு. இரண்டு மாத உணவை நீங்கள் வருடா வருடம் வட்டியாகக் கொடுக்கிறீர்கள்.

இனி அந்தப் பெட்டி. லேபிளைப் படம் எடுத்து அனுப்பியது மிக நல்ல காரியம். 240 சர்விங், நாலு பேர் மூன்று வேளை என்றால் 20 நாள் என்பது அண்ணன் கணக்கு. அதே லேபிளில் ஒரு சர்விங் 220 கலோரி என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. மொத்தம் 52,800 கலோரி. ஒருவருக்கு நாளைக்கு 2,000 என்று வைத்தால் நாலு பேருக்கு 8,000. பெட்டி ஆறரை நாளில் காலி. இனி எந்த நிறுவனத்தின் உணவுப் பெட்டியாக இருந்தாலும் 'சர்விங்' என்ற சொல்லை விட்டுவிட்டுக் கலோரியை மட்டும் பாருங்கள்.

அரிசி, கோதுமை, பருப்பு என்று எந்த உலர்ந்த தானியமும் கிலோவுக்கு ஏறக்குறைய 3,500 கலோரி தரும். ஒரு பெட்டியின் கலோரி 15 கிலோ தானியத்தில் வந்துவிடும். நீங்கள் எழுதியபடி மாதம் 30 கிலோவுக்கு 8 செலவாகிறது, அப்படியானால் 15 கிலோவுக்கு 4. பெட்டியின் விலை 30. ஏழு மடங்குக்கு மேல். 25 வருடம் இருக்குமே என்று அண்ணன் சொல்லலாம். வெள்ளை அரிசியையும் உலர்ந்த பயறையும் ஈரமில்லாமல், ஆக்சிஜன் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு காற்றுப் புகாத நல்ல பையில் அடைத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் அவையும் அத்தனை வருடம் தாங்கும். தவிடு நீக்காத அரிசி மட்டும் தாங்காது. அதிலுள்ள எண்ணெய் ஆறு மாதத்தில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். அதோடு, உங்கள் பெட்டிகள் கூரைக்கு அடியில் பரணில் இருக்கின்றன. 25 வருடம் என்பது குளிர்ந்த இடத்துக்கான கணக்கு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பொது விதி. இன்றைக்கே கீழே இறக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த உணவைச் சமைக்கத் தண்ணீரும் அடுப்பும் வேண்டும். உங்கள் இரண்டு பக்கக் கடிதத்தில் தண்ணீர் என்ற சொல் டவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும்தான் வருகிறது. ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் வைத்துக்கொண்டால் நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு 112 லிட்டர். மூடி போட்ட சுத்தமான கேன்களில் நிரப்பி, தேதி எழுதி, மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இதற்குக் கடன் தேவையில்லை.

எவ்வளவு உணவு இருந்தால் போதும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அடியில் இருப்பது அதுதான். 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் தன் மக்களுக்குச் சொன்ன அளவு 72 மணி நேரம். ஸ்வீடன் அரசு வீடு வீடாக அனுப்பிய கையேட்டில் இருப்பது ஒரு வாரம். ஜெர்மனி நீண்ட காலமாகச் சொல்லிவருவது 10 நாள். உங்களிடம் பெட்டிக் கணக்கிலேயே 26 நாள் இருக்கிறது, சமையலறையில் இருப்பதைச் சேர்க்காமல். மூன்றாவது தொகுதி வேண்டாம். 'இதோடு நிறுத்திக்கொள்ளலாம்' என்ற அந்தக் கடைசித் தவணைதான் கார்டை 150-இலிருந்து 210-க்குக் கொண்டுபோகும்.

திறக்காத பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று அண்ணனிடம் எழுத்தில் கேட்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். இரண்டு பெட்டி திரும்பினாலும் மீதி 13 நாள் உங்களிடம் இருக்கும், கார்டு 90-க்கு இறங்கும். உறுப்பினராகச் சேருவது வேண்டவே வேண்டாம். சேருவதற்கே பொருள் வாங்க வேண்டும் என்றால் அங்கே நீங்கள் வியாபாரி இல்லை, வாடிக்கையாளர். அண்ணனை நான் குறை சொல்லவில்லை. அவரும் இந்தச் சரக்கைக் கடனில் எடுத்து வைத்துக்கொண்டு தவிக்கலாம். அதற்காக அந்தக் கடனை நீங்கள் தோளில் ஏற்ற முடியாது. இதைப் பேச வேண்டியவர் உங்கள் கணவர். "அண்ணா, கார்டு முடியும்வரை தவணையில் எதுவும் வாங்குவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம்" என்று சொல்லி நிறுத்தினால் போதும். காரணம் அடுக்க ஆரம்பித்தால் அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பார்.

தனிநபர் கடன் தவறில்லை, ஒரு நிபந்தனையோடு. வருடத்துக்கு 15 சதவீதத்தில் கிடைத்தால் 150-க்கு 24 மாதத் தவணை சுமார் 7.3 வரும். இப்போது கட்டும் மினிமம் 7.5. அதே பணம்தான், ஆனால் இரண்டு வருடத்தில் கடன் முடிந்துவிடும். நிபந்தனை இதுதான்: பாக்கி அடைந்த அன்றே கார்டை மூடிவிட வேண்டும். கார்டை அடைத்துவிட்டு மறுபடி நிரப்பி, இரண்டு கடனோடு வந்து உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மிஞ்சும் 4.5-ஐத் தனிக் கணக்கில் போடுங்கள். டவருக்கு இன்னும் ஏழு தவணைதான். அதன் பிறகு 9.5 போடலாம். ஒரு வருடத்தில் 79 சேர்ந்திருக்கும். வாடகை, கட்டணம், சாப்பாடு, கடன் தவணை எல்லாம் சேர்த்து 76-தான். போக்குவரத்தையும் இதர செலவையும் நிறுத்திவைத்தால், ஒரு முழு மாதம் வருமானமே இல்லாமல் ஓட்டலாம். இரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

டவரை யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். மின்சாரம் நின்றால் பம்ப் நிற்கும், வெயில் நாளில் சில மணி நேரத்தில் வேர் காய்ந்துவிடும். ஆபத்துக் காலத்துக்கென்று வாங்கிய பொருள் முதல் ஆபத்திலேயே படுத்துவிடக் கூடாது. அண்ணன் அடுத்துச் சொல்லும் வெற்றிட சீலிங் மெஷினும் வேண்டாம். உலர்ந்த பொருளுக்கு இறுக்கமான மூடி போதும். ஈரமான சமைத்த பயறை அதில் அடைத்து அலமாரியில் வைத்தால் உயிருக்கே ஆபத்து; காற்றில்லாத இடத்தில்தான் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும், அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது.

தோட்டத்தை மட்டும் விடாதீர்கள். ஆனால் அதனிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். தக்காளி 100 கிராமில் 18 கலோரிதான். ஒருவருக்கு ஒரு நாள் கலோரிக்கு 11 கிலோ பறிக்க வேண்டும். உருளைக்கிழங்கு என்றால் இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். பசியை அடக்குவது தானியப் பானையின் வேலை. கீரையும் தக்காளியும் மிளகாயும் வைட்டமினையும் ருசியையும் தரும், மாதாமாதம் காய்கறிச் செலவில் கொஞ்சம் குறைக்கும். பழைய வாளியில் ஓட்டை போட்டு, சமையலறைக் கழிவை மட்கவைத்துப் போட்டாலே போதும்.

தானியப் பானையிலும் ஒரு வேலை இருக்கிறது. கையை அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கறுப்பாக ஒன்று ஊர்ந்தால் வண்டு வந்துவிட்டது. புதிதாக வாங்கும் தானியத்தைப் பானையில் கொட்டும் முன் நாலு நாள் ஃப்ரீஸரில், மைனஸ் 18 டிகிரியில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். முட்டையும் செத்துவிடும். மூடியில் மார்க்கரால் மாதம் எழுதுங்கள், பழையது முன்னால், புதியது பின்னால்.

அப்புறம் அந்த விதைப் பெட்டகம். அலமாரியில் பூட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தக்காளி விதை நாலைந்து வருடம் முளைக்கும். வெங்காய விதை வீட்டுச் சூட்டில் ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. இந்த வாரமே பிரித்து, வெங்காயத்தில் பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பத்து நாளில் எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டு, உயிர் இருந்தால் மீதியை வாளியில் விதைத்துவிடுங்கள்.