தேங்காய் உடைக்க எடுத்த காசுக்கு 72 வெள்ளி கூலி

காசு கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, தைப்பூசத்துக்கு மூன்று நாளும் பினாங்கு தண்ணீர்மலைப் பக்கம்தான் இருந்தோம். தேங்காய் மூட்டை, பால்குடச் செலவு, பிள்ளைகளுக்கு வளையல், பலூன் என்று காசு கரைந்துகொண்டே இருந்தது. ரதம் புறப்பட்ட அன்று 200 வெள்ளி (ரிங்கிட்), பூசத்தன்று 200, ரதம் திரும்பிய அன்று 200 என்று ஒரு பெட்ரோல் நிலையத்து மெஷினில் எடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நான் போட்டது டெபிட் கார்டு இல்லை, கிரெடிட் கார்டு. ஸ்டேட்மென்டில் 600 வெள்ளியோடு 20, 20, 20 என்று மூன்று வரி. அதற்குக் கீழே 6.21 என்று இன்னொரு வரி. கெடுத் தேதியில் ஒரு சென் பாக்கி இல்லாமல் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் 5.92 கேட்டு மறுபடி ஸ்டேட்மென்ட் வந்திருக்கிறது. முழுசாகக் கட்டினால் வட்டி கிடையாது என்றுதானே கார்டு கொடுக்கும்போது சொன்னார்கள்? பேங்க் என்னை ஏமாற்றுகிறதா?
வாசகி, பிறை

பதில்: ஏமாற்றவில்லை தங்கச்சி. கார்டு கொடுத்தவர் சொன்னதும் பொய் இல்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். முழுசாகக் கட்டினால் வட்டி இல்லை என்பது கடையில் பொருள் வாங்கியதற்கு. ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து குறைந்தது 20 நாள் தவணை தருவார்கள். மெஷினில் எடுத்த ரொக்கத்துக்கு ஒரு நாள் கூடத் தவணை கிடையாது. நோட்டு மெஷினின் வாயை விட்டு வெளியே வருகிற அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். இதைத்தான் கேஷ் அட்வான்ஸ் என்கிறார்கள். உங்கள் ஸ்டேட்மென்ட் மலாயில் வந்தால் ‘பெண்டாஹுலுவான் துனாய்’ என்று இருக்கும்.

உங்கள் காகிதத்தை வரி வரியாகப் பார்ப்போம். அந்த மூன்று 20 வெள்ளியும் வட்டி இல்லை, எடுப்புக் கூலி. நம் மலேசிய வங்கிகளில் வழக்கமாக எடுத்த தொகையில் 5 விழுக்காடு, அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, இரண்டில் எது அதிகமோ அது. உங்கள் வங்கியில் அந்தக் குறைந்தபட்சம் 20 வெள்ளி என்று தெரிகிறது. 200 வெள்ளிக்கு 5 விழுக்காடு என்றால் 10 வெள்ளிதான், ஆனால் 20 போட்டுவிட்டார்கள். மூன்று தடவைக்கு 60. இதே 600-ஐ முதல் நாளே ஒரே தடவையாக எடுத்திருந்தால் 30-ஓடு போயிருக்கும். கையில் காசு இருந்தால் செலவாகிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தீர்கள். நல்ல பழக்கம்தான். டெபிட் கார்டில் அது மிச்சம், இங்கே 30 வெள்ளி நஷ்டம்.

அடுத்து 6.21. ரொக்கத்துக்கு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. 200 வெள்ளிக்கு ஒரு நாளைக்குப் பத்து சென்னுக்குச் சற்றுக் குறைவு. முதலில் எடுத்த 200-க்கு ஸ்டேட்மென்ட் தேதி வரை 22 நாள், அடுத்ததற்கு 21, கடைசிக்கு 20. மொத்தம் 63 நாள். பெருக்கிப் பாருங்கள், 6 வெள்ளி 21 சென் சரியாக வரும். இன்னொன்றும் சொல்கிறேன். 12 மாதமும் தவறாமல் கெடுவுக்குள் கட்டுகிறவர்களுக்குப் பொருள் வாங்கிய பாக்கியின் மேல் வட்டி 15 விழுக்காடுதான், ஓரிரண்டு மாதம் தவறியவர்களுக்கு 17, அதற்கு மேல் தவறினால் 18. ரொக்கத்தில் அந்தத் தரம் பிரிப்பெல்லாம் இல்லை. நீங்கள் எவ்வளவு ஒழுங்கானவராக இருந்தாலும் 18-தான்.

சரி, அந்த 5.92 எங்கிருந்து வந்தது? நான் பினாங்கில் ஒரு வங்கியின் கார்டு பிரிவில் 22 ஆண்டு தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். எங்களிடம் வாடிக்கையாளர்கள் அதிகம் சண்டை போட்டது பெரிய தொகைக்கு இல்லை, இந்த மாதிரி ஐந்து வெள்ளி ஆறு வெள்ளிக்குத்தான். நான் இதற்கு ‘வால் வட்டி’ என்று பெயர் வைத்திருந்தேன். ஸ்டேட்மென்ட் அச்சாகிற அன்றைக்கு அதுவரைக்குமான வட்டியைத்தான் எழுத முடியும். நீங்கள் எப்போது கட்டுவீர்கள் என்று கம்ப்யூட்டருக்கு ஜோசியம் தெரியாது. நீங்கள் கட்டியது 20 நாள் கழித்து, கெடு நாளில். அந்த 20 நாளும் 600 வெள்ளியின் மேல் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தலையை வெட்டிவிட்டீர்கள், வால் அடுத்த ஸ்டேட்மென்டில் வந்து விழுந்தது. இதைக் கட்டிவிட்டால் தீர்ந்தது. ‘ஆறு வெள்ளிதானே, அநியாயமாகக் கேட்கிறான், கட்டமாட்டேன்’ என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தாமதக் கட்டணம் குறைந்தது 10 வெள்ளி. வாலை விட அதன் மயிர் நீளமாகிவிடும்.

எல்லாம் சேர்த்துக் கூட்டினால் 60-ம் 6.21-ம் 5.92-ம், 72 வெள்ளி 13 சென். சராசரியாக 41 நாள் வைத்திருந்த 600 வெள்ளிக்கு இது 12 விழுக்காடு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும். ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரரைத் திட்டுகிறோம், இது மட்டும் என்ன என்று கேட்பீர்கள். இவர்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்ற வரமாட்டார்கள், அது ஒரு வித்தியாசம்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, பேரனின் காதணி விழாவுக்கு மொய் வைக்க 300 வெள்ளி எடுக்கப் போனேன். இரண்டு கார்டும் ஒரே நீலம், மூக்குக் கண்ணாடி காரில். ரசீதைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைத்தது. வீட்டுக்குக் கூடப் போகவில்லை, காரில் உட்கார்ந்தே கைப்பேசியில் கார்டு கணக்குக்கு 300-ஐத் திருப்பி அனுப்பினேன். ஆக, வட்டி 15 சென்தான். கூலி 20 வெள்ளிக்காகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்த பெண் குழந்தை, ‘சிஸ்டம் போட்டதுங்க மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது’ என்றாள். அந்த வசனத்தை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்! மேலதிகாரியிடம் கொடும்மா என்றேன். முதல் தடவை, அன்றைக்கே கட்டியாகிவிட்டது, கார்டு மாறிப்போனது என்று மூன்றே வாக்கியம். நான்கு நாளில் 20 வெள்ளி திரும்பி வந்தது.

அதனால் ஸ்டேட்மென்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எடுத்த அன்றே கட்டுங்கள், அன்றே கூப்பிடுங்கள், ‘கேஷ் அட்வான்ஸ் ஃபீ வேய்வர்’ என்ற அதே சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். தள்ளுபடி வங்கியின் மனசு, நம் உரிமை இல்லை. ஆனால் முதல் தடவைக்காரர்களுக்குச் செய்வது உண்டு. நீங்கள் இப்போது கேட்டாலும் மூன்றில் ஒன்றையாவது எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கேட்பதற்குக் காசா பணமா.

இன்னொன்று, உங்கள் இரண்டு கார்டுக்கும் ஒரே ஆறு இலக்க ரகசிய எண்தானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2017-க்கு முன் கடையில் கையெழுத்துப் போட்டால் போதும். கிரெடிட் கார்டின் ரகசிய எண் பலருக்கு நினைவிலேயே இருக்காது, மெஷினில் கார்டை மாற்றிப் போட்டாலும் காசு வராது. அந்த வருடத்திலிருந்து கடையிலும் எண் அமுக்க வேண்டும் என்று வந்ததும், மறக்காமல் இருக்க எல்லாரும் இரண்டுக்கும் ஒரே எண் வைத்துக்கொண்டார்கள். என் மேசைக்கு இந்த மாதிரி அழைப்புகள் கூடியது அதற்குப் பிறகுதான். எண்ணை மாற்றுங்கள். அப்படியே, கார்டில் ரொக்கம் எடுக்கும் வசதியையே அடைத்துவிடச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். பல வங்கிகள் செய்து தரும்.

கேள்வி: சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் பணம் மாற்றும் கவுண்டரில் கிரெடிட் கார்டைக் கொடுத்து ஏறக்குறைய 500 வெள்ளிக்கு இந்திய ரூபாய் வாங்கினேன். மெஷின் பக்கமே போகவில்லை. கடையில் தேய்ப்பது போலத்தான் தேய்த்தார்கள். ஆனாலும் கேஷ் அட்வான்ஸ் என்று 25 வெள்ளி போட்டிருக்கிறார்கள். எங்கே புகார் செய்வது?
வாசகர், கெப்போங், கோலாலம்பூர்

பதில்: ஐயா, தேய்த்தது எங்கே என்று வங்கி பார்ப்பதில்லை, எதை வாங்கினீர்கள் என்றுதான் பார்க்கும். கார்டு வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு வகை எண் உண்டு. ரோத்தி சானாய் சாப்பிட்ட உணவகத்துக்கு 5812, மளிகைக்கு 5411. அந்நியச் செலாவணி விற்கிற இடம் 6051, பணம் அனுப்பும் நிறுவனம் 4829, சூதாட்டம் 7995. இந்தக் கடைசி மூன்றும் ரொக்கத்துக்குச் சமம் என்று பல வங்கிகள் வைத்திருக்கின்றன. நீங்கள் கார்டைக் கொடுத்து வாங்கியது காசு. அதனால் அது ரொக்கம். கார்டோடு வந்த பொடி எழுத்து நோட்டீஸில் இது இருக்கும். யார் படித்தார்கள்?

புகார் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில். அவர்களின் முடிவான பதில் பிடிக்காவிட்டால் வங்கிப் புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம், 2025 ஜனவரியிலிருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது. கட்டணம் இல்லை. ஆனால் ‘இந்தக் கட்டணமே அதிகம்’ என்ற வழக்கை அவர்கள் எடுக்கமாட்டார்கள், விலை வைப்பது வங்கியின் பாடு. ‘ஒப்பந்தத்தில் இல்லாததைப் போட்டுவிட்டார்கள்’ என்றால் எடுப்பார்கள். உங்களுடையது முதல் வகை. 25 வெள்ளிக்கு நான் அலையமாட்டேன். அடுத்த தடவை கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா தெருவிலேயே ரொக்கம் கொடுத்து மாற்றிக்கொண்டு போங்கள். அங்கே நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம், விமான நிலையத்தில் அது நடக்காது. பாக்கியை மட்டும் இன்றே கட்டிவிடுங்கள், வால் முளைக்கும்.

கேள்வி: என் கார்டில் 800 வெள்ளி கூடுதலாகக் கட்டி வைத்திருந்தேன். அதிலிருந்து 400 எடுத்தேன். என் காசை நானே எடுத்ததற்கு எதற்கு 20 வெள்ளி?
வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தம்பி, வட்டி போடவில்லை பாருங்கள், அதுவரை நியாயம். கூலி என்பது கார்டு வழியாக ரொக்கம் எடுத்ததற்கு. உள்ளே இருப்பது யார் காசு என்று அது கேட்காது. கார்டு உண்டியல் இல்லை. கூடுதல் காசை மாற்றித் தரச் சொல்லி வங்கிக்குப் போன் போட்டிருந்தால் உங்கள் சேமிப்புக் கணக்குக்கே அனுப்பியிருப்பார்கள்.

கேள்வி: மாதச் சம்பளம் 2,900 வெள்ளி. இரண்டு கார்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் 1,000 எடுத்து இன்னொன்றைக் கட்டுகிறேன், அடுத்த மாதம் இதில் எடுத்து அதை. ஏழு மாதமாக இப்படி ஓடுகிறது. தாமதக் கட்டணம் ஒன்று கூட இல்லை. ஆனால் கடன் குறையவே மாட்டேன் என்கிறது. மூன்றாவது கார்டு எடுத்து ஒரேயடியாக அடைத்துவிடலாமா? மனைவிக்கு இது தெரியாது.
பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: மூன்றாவது வங்கியின் கார்டு கிடைக்காது தம்பி. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளிக்கு மேற்படாதவர்கள் இரண்டு வங்கிகளின் கார்டுதான் வைத்திருக்கலாம் என்பது நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. உங்களுக்கு 34,800. அந்த விதியை எழுதியவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் 1,000 எடுக்கும்போது 50 வெள்ளி கூலி. ஏழு மாதத்துக்கு 350, காற்றில் போனது. அதற்கு மேல் மாதத்துக்கு ஏறக்குறைய 15 வெள்ளி வட்டி. தாமதக் கட்டணம் குறைந்தது 10 வெள்ளி, உச்சம் 100. உங்கள் பாக்கிக்கு அது பத்துப் பதினைந்தைத் தாண்டியிருக்காது. அதைத் தவிர்க்க 50 கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தாமதமாகக் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை, அது பதிவில் ஏறும். கணக்கு எங்கே ஒழுகுகிறது என்று காட்டுகிறேன்.

இந்த மாதம் எந்தக் கார்டிலும் ரொக்கம் எடுக்காதீர்கள். கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே. நிறுவனத்துக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் ஆரம்பித்தது, ஆலோசனைக்கு ஒரு சென் வாங்கமாட்டார்கள். உங்கள் சார்பில் வங்கிகளிடம் பேசி, இரண்டு பாக்கியையும் சேர்த்து, உங்களால் கட்ட முடிகிற ஒரே மாதத் தவணையாக மாற்றிக் கேட்பார்கள். இரண்டு ஸ்டேட்மென்டும் சம்பளச் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘கார்டில் ரொக்கமாக மாற்றித் தருகிறேன், கூலி பத்தே விழுக்காடு’ என்று கைப்பேசிக் கடைக்காரர் யாராவது சொன்னால் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

அப்புறம், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வீட்டுச் செலவை ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அரிசி எவ்வளவு, பள்ளி வேனுக்கு எவ்வளவு, கேஸ் தோம்பு எத்தனை நாள் வருகிறது என்று. அதற்கெல்லாம் உங்களுக்குப் பதில் தெரியாது.