மாமனார் கடைச் சரக்கை 6 லட்சத்துக்கு வாங்கலாமா?

கேள்வி: வயது 47. திருச்சியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 18,500. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். என் மாமனார் கும்பகோணத்தில் 1964 முதல் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். எனக்குச் சாலிடரிங் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒன்றரை வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். இப்போது என் மைத்துனர் (மனைவியின் அண்ணன்) கடையைக் காலி செய்கிறார். மாமியார் அவரோடு இருக்கிறார். சுமார் 3,000 வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முன்பு ரேடியோ, டிவிகளில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்), டப்பா டப்பாவாக ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், ஐ.எஃப்.டி. காயில்கள், கேங் கண்டன்சர்கள் (இரண்டும் ரேடியோவில் ஸ்டேஷனைப் பிரித்துப் பிடிக்க உதவுபவை), டிரான்ஸ்ஃபார்மர்கள், சாக்குமூட்டைகளில் கண்டன்சரும் ரெசிஸ்டரும் என எல்லாவற்றையும் சேர்த்து 6 லட்சத்துக்கு என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பெங்களூரு வியாபாரி ஒருவர் இதே விலைக்குக் கேட்கிறாராம். “வெளியாள் கைக்குப் போக வேண்டாம் மாப்பிள்ளை” என்கிறார். பவுன் விலை ஏறியிருப்பதால், ஏற்கெனவே அடகில் இருக்கும் மனைவியின் 11 பவுன் மேலேயே இன்னும் 4.5 லட்சம் தருவதாக வங்கியில் சொல்கிறார்கள். மீதி 1.5 லட்சத்துக்கு மொபைல் ஆப்பில் கடன் தயாராக இருக்கிறது. பழைய நகைக்கடன் 2.8 லட்சம், 2021-ல் வைத்தது. வருடாவருடம் வட்டி கட்டி மாற்றி வைத்துவிடுகிறேன், அதில் பிரச்சினை இல்லை. அந்தப் பணத்தில் 90,000-க்குச் சென்னையில் ஒரு பழைய சரக்கு லாட் எடுத்தேன்; இதுவரை 52,000-க்கு விற்றிருக்கிறேன். 60,000-க்கு ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) வாங்கினேன். மீதி 1.3 லட்சம் மைத்துனருக்குக் கைமாற்றாகக் கொடுத்தது. யூடியூப்பில் இந்த மாதிரிச் சரக்கை ‘மாற்று முதலீடு’ என்கிறார்கள். சரக்குப் பட்டியலை என் விலைக் கணக்கோடு அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கண் ஒரே இடத்தில்தான் நின்றது. “வருடாவருடம் வட்டி கட்டி மாற்றி வைத்துவிடுகிறேன், அதில் பிரச்சினை இல்லை.”

2.8 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 28,000 ரூபாய் வட்டி. நாலு வருடத்துக்கு 1,12,000. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, ஒரு மோதிரம்கூட வீடு திரும்பவில்லை. 90,000 ரூபாய் சரக்குக்காக வைத்த நகைக்கு, அந்தச் சரக்கின் விலையைவிட அதிகமாக வட்டியே கட்டியாகிவிட்டது. சரக்கில் பாதிக்கு மேல் இன்னும் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் என்று நினைக்கிறேன். இதைப் பிரச்சினை இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பவுன் விலை ஏறியதால் வங்கி கூடுதலாகத் தர முன்வருவதை நீங்கள் ஏதோ போனஸ் வந்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். விலை ஏறியது உங்கள் மனைவியின் நகை. அந்த ஏற்றம் அவருடைய சொத்து. அதைத்தான் வங்கி உங்களுக்குக் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கப்போகிறது. அப்புறம் அதே 11 பவுன் மேல் 7.3 லட்சம் கடன் உட்கார்ந்திருக்கும். தங்கம் கொஞ்சம் இறங்கினாலே, வித்தியாசத்தைக் கட்டுங்கள் என்று கடிதம் வரும். மகளின் கல்லூரி அட்மிஷன் சமயத்தில் அந்தக் கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள்?

சரி, சரக்குக்கு வருகிறேன். எனக்கு வால்வு என்றால் சிறுவயதில் எங்கள் வீட்டு ரேடியோவின் பச்சைக் கண் மட்டும்தான் ஞாபகம். இலங்கை வானொலி சரியாகப் பிடித்துவிட்டால் அந்தப் பச்சை வெளிச்சம் குவிந்து நிற்கும். அதனால் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்கும் ஒரு நண்பரிடம் நீங்கள் அனுப்பிய பட்டியலைக் காட்டினேன். அவர் சொன்னதில் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் விலை பேசும்போது மறந்துவிடுகிறீர்கள்.

பட்டியலில் கிட்டத்தட்ட 2,000 வால்வுகள் பிசிஎல், பிஎல், பிஒய் என்று தொடங்குபவை. டிவிக்காகச் செய்தவை. மதராஸில் தூர்தர்ஷன் வந்தது 1975-ல். அந்தக் காலத்து டிவிகளோடு இவற்றின் தேவையும் போய்விட்டது. இன்று காசு கொடுத்து வாங்குகிறவர்கள் தேடுவது இசிசி83, இஎல்84, இஎல்34 போன்றவற்றை, அதாவது ஆடியோவுக்கும் கிடார் ஆம்ப்ளிஃபயருக்கும் ஆகிறவற்றை. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்டவை 120. நீங்கள் ஒன்றுக்கு 1,500 போட்டு 1.8 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விலை, பெட்டி பிரிக்காத, சோதித்த வால்வுக்கு இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இந்த ரகங்களை ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள் என்பதால் பழசுக்கு ஓரளவுக்கு மேல் விலை ஏறாது. பெரிய பிராண்டு முத்திரை, ராசியான தொழிற்சாலைக் குறி இருந்தால் வேறு. உங்களுடையதில் பெரும்பாலானவை பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. நல்ல பொருள்தான், ஆனால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அடித்துக்கொண்டு வாங்கும் பெயர் இல்லை. 120-ல் 70 தேறி, ஒன்று 1,000-க்குப் போனால் 70,000 ரூபாய்.

டிரான்சிஸ்டரில் ஏசி128-க்கு இப்போதும் கிராக்கி உண்டு. கிடார் ஓசையைக் கரகரப்பாக்கும் 1960-களின் ஃபஸ் பெட்டிகளில் அது இருந்ததால் அதே ஓசையைத் தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் லீக்கேஜ் (கசியும் மின்னோட்டம்), கெய்ன் (பெருக்கும் திறன்) இரண்டையும் அளந்து சொன்னால்தான் வாங்குவார்கள். நூறில் எத்தனை தேறும் என்று அளந்த பிறகுதான் தெரியும். ஏஎஃப்117 ரகத்துக்கு இன்னொரு வியாதி: உலோகக் கூட்டுக்குள்ளேயே மயிரிழைபோல் தகரம் வளர்ந்து ஷார்ட் ஆகிவிடும். பயன்படுத்தாமல் டப்பாவில் வைத்திருந்தாலும் வளரும். மொத்த டிரான்சிஸ்டருக்கும் தாராளமாக 50,000 போடுகிறேன்.

சாக்குமூட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் நாற்பது வருடம் சும்மா கிடந்தால் உள்ளே காய்ந்துபோயிருக்கும். பேப்பர் கண்டன்சர் ஈரம் குடித்து லீக் ஆகும். கார்பன் ரெசிஸ்டரின் மின்தடை அளவு கும்பகோணத்து ஈரக்காற்றில் எப்போதோ ஏறியிருக்கும். என் கணக்கில் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் கீழே என்றும் சொல்லலாம், ஏனென்றால் இதை அப்புறப்படுத்தவும் செலவு உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் செம்பு இருக்கிறது, எடைக்குப் போகும். காயில், கேங், பேண்ட் சுவிட்ச் எல்லாம் பழைய ரேடியோவை உயிர்ப்பிக்கிறவர்களுக்கு ஆகும்; அந்தக் கூட்டம் சிறியது, பேரம் பேசாமல் வாங்காது. எல்லாம் சேர்ந்து இன்னொரு 60,000.

ஆக, நண்பர் சொன்னதை வைத்து நான் தாராளமாகப் போட்ட கணக்கே 1.8 லட்சம். அதுவும் சோதித்து, பிரித்து, படம் எடுத்து, பொதி கட்டி அனுப்பிய பிறகு. சோதிப்பது மட்டும் ஒரு வால்வுக்கு 5 நிமிடம் என்றால் 3,000-க்கு 250 மணி நேரம். ஞாயிறுதோறும் 5 மணி நேரம் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம். வெளிமாநிலத்துக்கு அனுப்பி விற்கத் தொடங்கினால் ஜிஎஸ்டி பதிவு, வெளிநாட்டுக்கு என்றால் ஏற்றுமதி-இறக்குமதிக்கான ஐஇசி எண்ணும் வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இப்போது மாதச் செலவு. 4.5 லட்சம் நகைக்கடனுக்கு 10 சதவீதத்தில் வட்டி மட்டும் மாதம் 3,750. ஆப்காரர் 1.5 லட்சத்தை 18 சதவீதத்தில் மூன்று வருடத்துக்குக் கொடுத்தால் தவணை சுமார் 5,420. (அது 18-ஆகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள். செயலாக்கக் கட்டணம், காப்பீடு என்று முன்பே கழித்துக்கொண்டுதான் பணம் வரும். ‘முன்பே அனுமதிக்கப்பட்டது’ என்ற வார்த்தையைப் பார்த்து யாரும் பெருமைப்படத் தேவையில்லை.) சரக்கை வைக்க ஒரு ரூம், வாடகை 2,500. மொத்தம் மாதம் சுமார் 11,700.

வரவு? இதற்கு யூடியூப் தேவையில்லை, உங்கள் அனுபவமே இருக்கிறது. நாலு வருடத்தில் 52,000 ரூபாய் விற்றிருக்கிறீர்கள். மாதம் சுமார் 1,100. அந்த வேகத்தில் 6 லட்சம் திரும்பி வர 45 வருடம் ஆகும். அப்போது உங்களுக்கு வயது 92. புதிய லாட் பெரியது, ஐந்து மடங்கு வேகமாக விற்கும் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 5,500. செலவில் பாதிகூட இல்லை. இதற்கு ‘மாற்று முதலீடு’ என்று பெயர் வைப்பவர்களிடம், அவர்கள் எதை மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த வீடியோக்களில் பாதிப்பேர் லாட் விற்கிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

அடுத்தது நீங்கள் எழுதாமல் விட்டது. மாமனார் உயில் எழுதி வைத்திருக்கிறாரா? உயில் இல்லை, நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்றால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மகன், மகள், மனைவி எல்லோருக்கும் சம பங்கு. கடைச் சரக்கும் அதில் சேரும். மாமியார் மைத்துனரோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேறு வாரிசு இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு உங்கள் மனைவியுடையது. அதாவது, உங்கள் மனைவியின் நகையை அடகு வைத்து, உங்கள் மனைவிக்கே பங்குள்ள சரக்குக்கு, அவருடைய அண்ணனுக்கு முழு விலை கொடுக்கப்போகிறீர்கள்.

மைத்துனர் சொன்ன 6 லட்சத்தையே எடுத்துக்கொண்டாலும் 2 லட்சம் உங்கள் மனைவியின் பங்கு. மைத்துனர் உங்களுக்குத் தர வேண்டியது 1.3 லட்சம். இரண்டையும் கழித்தால் 2.7 லட்சம். அதில் மாமியார் பங்கு மைத்துனர் பாக்கெட்டுக்குப் போவது சரியா என்பது வேறு கேள்வி. அந்த 1.3 லட்சத்தைப் பற்றி மைத்துனர் பேச்சே எடுக்கவில்லை, நீங்களும் எடுக்கவில்லை. 2021-ல் கொடுத்த கைமாற்றுக்கு இதுவரை வட்டி கட்டிக்கொண்டிருப்பது நீங்கள். வாங்கியவருக்கு அது மறந்தே போயிருக்கலாம்.

சண்டை போடச் சொல்லவில்லை. பங்கு வேண்டாம் என்று உங்கள் மனைவி சொன்னால் அது அவருடைய முடிவு. ஆனால் அதை அவரிடம் கேட்க வேண்டும். இந்தப் பேரம் முழுவதும் உங்களுக்கும் மைத்துனருக்கும் இடையில்தான் நடக்கிறது. மனைவியின் நகை வருகிறது, மனைவியின் அப்பா வருகிறார், மனைவியின் கருத்து மட்டும் கடிதத்தில் எங்கும் இல்லை.

பெங்களூரு வியாபாரியை நீங்கள் பார்த்தீர்களா? போனில் பேசினீர்களா? பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கடை வைத்திருக்கிற எவரும் சாக்குமூட்டைக்கும் டிவி வால்வுக்கும் சேர்த்து 6 லட்சம் கொடுப்பதாக என்னால் நம்ப முடியவில்லை. கொடுக்கத் தயார் என்றால் மிக நல்லது, அவரிடமே விற்கச் சொல்லுங்கள். உங்கள் மனைவிக்கு 2 லட்சம் ரொக்கமாக வரும், உங்கள் கைமாற்றும் திரும்பி வரும். பழைய நகைக்கடன் முழுவதையும் அன்றைக்கே தீர்த்துவிடலாம். வியாபாரி பின்வாங்கினால் சரக்கின் உண்மையான விலை என்னவென்று மைத்துனருக்கும் தெரிந்துவிடும்.

அந்த 11,700 எங்கிருந்தோ மாதாமாதம் எடுக்கலாம் என்று நினைத்துத்தானே எனக்கு எழுதினீர்கள்? அதை 24-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 2,80,800. உங்கள் நகைக்கடனின் அசல் அவ்வளவுதான். வருட வட்டியை இப்போது கட்டுவதுபோலவே கட்டிக்கொண்டு, இந்தத் தொகையை அசலில் போட்டால் இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். இடையில் தங்கம் எவ்வளவு ஏறினாலும் ‘மேலே தருகிறோம்’ என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள். அந்த ஆப்பை இன்றைக்கே போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மாமனார் ஞாபகமாக எதுவுமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். மனைவியின் பங்கில் கழித்துக்கொள்வதாகச் சொல்லி நாலு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்: ஆடியோ வால்வுகள் 120, ஏசி128 டப்பா, நீங்கள் பழுதுபார்க்கும் ரேடியோக்களுக்கான காயில்கள். எடுப்பதைக் கையால் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். மேற்கொண்டு காசு கொடுக்க வேண்டி வந்தால் தீபாவளி போனஸிலிருந்து 40,000 வரை. அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம்.

பட்டியலின் கடைசி வரியில் ‘வால்வு டெஸ்டர் 1, ஓடுகிறது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பையில் போடுங்கள். வியாபாரி வந்தால் அவர் கை முதலில் போவதும் அதன் மேல்தான்.