ஷார்த்ர் பேராலயம்: கேட்கிறார்கள், சொல்கிறேன்

பாரிசுக்குத் தென்மேற்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ள ஷார்த்ர் பேராலயம் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: இரட்டைக் கோபுரம் என்கிறார்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே?

தெற்கில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கல்கூம்பு. வடக்கில் மரத்தாலான கூம்பு இருந்தது. 1506-ல் இடி விழுந்து எரிந்துபோனது. அதற்குப் பதிலாக ழான் டெக்சியே கட்டியதுதான் அந்தப் பூவேலைக் கோபுரம். உயரத்தில் அது ஜெயித்துவிட்டது, அழகில் எனக்குப் பழையதுதான்.

கேள்வி: அக்கா, கண்ணாடிச் சன்னல்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். எப்படித்தான் பார்ப்பது?

பைனாகுலர் கொண்டுபோங்கள். 170-க்கு மேற்பட்ட சன்னல்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்றே ஒன்று: வட பக்கத்து நோவா சன்னல். பெருவெள்ளத்தில் பேழை என்னும் பெரிய மரக்கப்பலைக் கட்டிப் பிழைத்த பைபிள் நோவாவின் கதை இது. பெரும்பாலான சன்னல்களைப் போல இதையும் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் தச்சர்கள், சக்கரம் செய்பவர்கள், பீப்பாய் செய்பவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். மேலே பேழை கட்டுவதற்குத் தச்சர் வேண்டும், நோவா திராட்சைத் தோட்டம் போட்டு மது குடித்ததால் பீப்பாயும் வேண்டும், பொருத்தம் பாருங்கள்! இந்தத் தொழிலாளர்கள்தான் பணம் கொடுத்தார்கள் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எல்லா ஆய்வாளர்களும் இன்று அதை ஏற்பதில்லை.

கேள்வி: அந்த நீலம் பெயிண்டா?

இல்லை. கண்ணாடியை உருக்கும்போதே கோபால்ட் சேர்த்த நிறம். முகம், துணி மடிப்பு மட்டும் கரும்பழுப்பு மையால் தீட்டிச் சூளையில் சுட்டவை. துண்டுகளை ஈயப் பட்டை பிடித்திருக்கிறது. 1194 தீயில் பழைய ஆலயத்தின் பெரும்பகுதி போனது. தப்பிய கண்ணாடிகளில் ஒன்று, சிவப்புப் பின்னணியில் இளநீல ஆடை உடுத்திய மாதா. சுற்றியுள்ள தேவதூதர்கள் 13-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள்.

கேள்வி: இவ்வளவு சன்னல் வைத்தால் சுவர் தாங்குமா?

37 மீட்டர் உயரத்தில் உள்ள கல்வளைவுக் கூரை சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை வெளியில் நிற்கும் பறக்கும் உதைகால்கள் (சுவருக்கு முட்டுக்கொடுக்கும் கல் வளைவுகள்) வாங்கித் தரைக்கு அனுப்புகின்றன.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் கண்ணாடி எப்படிப் பிழைத்தது?

1939-ல் கழற்றிப் பத்திரமாக வேறிடத்தில் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: சுவரை வெள்ளையாக்கிக் கெடுத்துவிட்டார்களாமே?

சீரமைப்பில் சுவரின் புகைக்கரியைத் துடைத்தால் அடியில் கட்டிய காலத்து வெளிர்நிறப் பூச்சு இருந்தது. இருட்டில் நீலம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது என்பவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால் கரி, கட்டியவர்கள் வைத்ததல்லவே.

கேள்வி: காலையில் போகலாமா, மாலையிலா?

மாலையில். மேற்குச் சுவரின் மூன்று 12-ஆம் நூற்றாண்டுச் சன்னல்களில் வெயில் விழும் நேரம் அதுதான்.